மூட்டையும் சீட்டும்

ஆண்டு மலருக்குத் துறைக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் அண்ணன் வந்து கேட்டபோது, செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுது என்றுதான் பலரும் சொன்னார்கள். அதைப் பற்றி எழுத ஊரே இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது மிகச் சின்ன விஷயம். ஓர் இணையதளத்தில் 'பதிவிறக்கு' என்ற பொத்தானை அழுத்துகிறோம். ஒரு கோப்பு நம் கைபேசியில் வந்து இறங்குகிறது. அந்தக் கோப்பை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது யார்? எப்படிக் கொடுக்கிறார்? யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது? இவ்வளவுதான் என் கட்டுரை.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் புரியும். ஏனென்றால் இந்தப் பாடத்தை எனக்குப் புரிய வைத்ததே கணினியைத் தொட்டிராத ஒருவர்தான். அவர் என் அப்பா.

அப்பாவின் ஆபீஸ்

அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி பார்சல் ஆபீசில் லோடுமேன். இருபத்திரண்டு வருஷமாக அதே முதுகு, அதே மூட்டை. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எண்கள் தெரியும். கையெழுத்துப் போடுவார். அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. வெள்ளிக் கொலுசு வேலையைப் பட்டறையிலிருந்து வாங்கி வந்து வீட்டில் செய்கிறார். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

விடுமுறை நாட்களில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். அவர் கை கழுவி வரும்வரை குடோனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு பண்டலின் மேலும் ஒரு குறி எழுதியிருக்கும். எந்த ஊருக்கு, யார் பேருக்கு, மொத்தம் எத்தனை உருப்படி என்பதெல்லாம் எல்.ஆர். என்கிற லாரி ரசீதில் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அப்பா, பண்டலில் உள்ள குறியையும் எண்ணையும் பார்த்தே எது எந்த லாரிக்கு என்று பிரித்து வைத்துவிடுவார்.

ஒரு மூலையில் நாலைந்து மூட்டைகள் தூசி படிந்து கிடந்தன. "அது ஏம்ப்பா அப்படியே கெடக்குது?" என்று கேட்டேன்.

"சீட்டு கிழிஞ்சு போச்சு கண்ணு. உள்ள என்ன இருக்குன்னு தெரியல, யாருதுன்னும் தெரியல. மூட்டை என்னமோ ஊருக்கு வந்துருச்சு, ஆனா யாருக்கும் வந்து சேரல" என்றார்.

அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஐந்தாம் செமஸ்டரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து துறைக்காக ஒரு தளம் செய்தோம். பழைய வினாத்தாள்கள், லேப் மேனுவல்கள், ஆசிரியர்களின் குறிப்புகள், அவரவர் இன்டர்னல் மதிப்பெண்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். கோப்பை எடுத்துக் கொடுக்கும் பி.எச்.பி. நிரலை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்போதுதான் அப்பா சொன்னதன் அர்த்தம் பிடிபட்டது.

சீட்டு எப்படி வந்தது?

இணைய உலாவி, சர்வரிடம் ஒன்றைக் கேட்கிறது. சர்வர் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான பேச்சு மொழிதான் எச்.டி.டி.பி. டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் பயன்படுத்திய முதல் வடிவத்தில் சீட்டே கிடையாது. உலாவி ஒரே வரியில் கேட்கும். சர்வர் பக்கத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். வருவது எச்.டி.எம்.எல். பக்கம் மட்டும்தான் என்று இரு தரப்புக்கும் தெரியும் என்பதால் அது போதுமானதாக இருந்தது.

படம், பாட்டு, ஜிப் என்று சரக்கின் வகை பெருகியதும் அது போதவில்லை. இதற்கான விடை மின்னஞ்சலிடமிருந்து வந்தது. கடிதத்தோடு படமும் ஒலியும் அனுப்புவதற்காக நதானியேல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் 1992இல் 'மைம்' என்ற முறையை வெளியிட்டார்கள். உள்ளே இருப்பது என்ன வகை என்று வெளியே எழுதி ஒட்டும் முறை அது. 1996இல் ஆவணமான எச்.டி.டி.பி. 1.0 அந்தச் சீட்டு முறையைத் தனக்கும் எடுத்துக்கொண்டது. இந்தச் சீட்டைத்தான் 'ஹெடர்' என்கிறோம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் பி.எச்.பி.யை உலகுக்குக் கொடுத்த பிறகு, அந்தச் சீட்டை நாமே எழுதுவது மாணவர்களுக்கும் எட்டும் வேலையாயிற்று.

கோப்பு ஒன்றை அனுப்பும்போது முக்கியமாக மூன்று வரிகள் எழுத வேண்டும். முதலாவது 'கன்டென்ட்-டைப்'. உள்ளே இருப்பது பி.டி.எஃப்.பா, படமா, ஜிப்பா என்று இது சொல்லும். இரண்டாவது 'கன்டென்ட்-லெங்த்'. மொத்தம் எத்தனை பைட் என்று சொல்லும். நம் போனில் 'பாதி முடிந்தது' என்று ஒரு கோடு நகர்கிறதே, இந்த எண் இருப்பதால்தான் அது நகர்கிறது. எண்ணைக் குறைத்து எழுதினால் கோப்பின் வால் அறுந்துவிடும். கூட்டி எழுதினால் வராத பைட்டுக்காக உலாவி காத்திருந்து, கடைசியில் தோல்வி என்று சொல்லிவிடும்.

மூன்றாவது 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்'. கோப்பை உலாவியிலேயே பிரித்துக் காட்டுவதா, சேமித்து வைப்பதா, சேமித்தால் என்ன பெயரில் என்பதை இது சொல்லும். இதுவும் மின்னஞ்சலுக்காக 1995இல் பிறந்ததுதான். வலைக்கென்று தனித் தர நிர்ணயமாக வந்தது 2011இல். இந்த வரியை எழுதாமல் விட்டால், உலாவி முகவரியின் கடைசித் துண்டையே பெயராக வைத்துக்கொள்ளும். நீங்கள் கேட்டது வினாத்தாள். வந்து இறங்கியது 'டவுன்லோட்.பி.எச்.பி.' என்றொரு கோப்பு. அதைத் தொட்டால் எதைக்கொண்டு திறப்பது என்று தெரியாமல் போன் விழிக்கும். உள்ளே வினாத்தாள் முழுசாகத்தான் இருக்கும். ஆனாலும் அது சீட்டுக் கிழிந்த மூட்டை.

இன்னொரு விதியும் உண்டு. சீட்டு முதலில், சரக்கு பிறகு. சரக்கில் ஒரு பைட் கிளம்பிவிட்டாலும் பிறகு சீட்டு எழுத முடியாது. நிரலின் தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரே ஒரு காலி இடம் இருந்தால் போதும், அதுவே சரக்கு என்று கணக்காகி, 'ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது' என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். எங்கள் லேபில் இன்னொரு குழு இதற்காக இரண்டு மணி நேரம் தேடியது. கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் மூன்று பைட் உட்கார்ந்திருந்தது. யூ.டி.எஃப்.-8இல் சேமிக்கும்போது சில எடிட்டர்கள் தாமாக வைக்கும் அடையாளம் அது. அதே மூன்று பைட் ஒரு ஜிப் கோப்பின் முன்னால் ஒட்டிக்கொண்டால் அந்த ஜிப் திறக்காமலே போகலாம்.

தமிழில் பெயர் வைத்தால்?

எங்கள் துறை மேடம் ஒரு கோப்புக்கு 'வினாத்தாள்' என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். அதை அப்படியே சீட்டில் எழுதினால் சில உலாவிகளில் பெயர் குப்பை எழுத்தாக வரும். ஹெடர் வரிகள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து உருவானவை. ஆகவே தமிழ்ப் பெயரை வேறு வேடத்தில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறி, அதற்குப் பின் இரண்டு எழுத்து என்று மாற்றி எழுத வேண்டும். 'வினாத்தாள்' என்பது யூனிகோட் கணக்கில் 10 குறிகள். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வீதம் 30 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் 3 எழுத்து வீதம் 90 எழுத்து! நாம் ஐந்தெழுத்தாக எண்ணும் சொல் தொண்ணூறாகிப் பயணம் செய்து, அந்தப் பக்கத்தில் மறுபடியும் 'வினாத்தாள்' என்று இறங்குகிறது.

'இங்கிலீஷ்லயே பேர் வெச்சுட்டுப் போயிரலாமே' என்று குழுவில் ஒருத்தி சொன்னாள். செய்யலாம். பழைய உலாவிகளுக்காக ஆங்கிலப் பெயர் ஒன்றையும் சேர்த்து அனுப்புவதுதான் சரியான முறை, அதையும் செய்தோம். ஆனால் தமிழ்ப் பெயரை விடவில்லை. நம் எழுத்தில் வைத்த பெயர் நம் போனில் நம் எழுத்திலேயே இறங்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

பாதி வழியில் நின்ற லோடு

எங்கள் வகுப்பில் கருமந்துறைப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு நண்பன் படிக்கிறான். வீட்டில் சிக்னல் கிடைக்காது. மேடான ஓர் இடத்துக்கு ஏறிப் போய் உட்கார்ந்துதான் எதையும் இறக்குவான். ஸ்கேன் செய்த லேப் மேனுவல் ஒன்று 38 எம்.பி. அதில் முப்பது எம்.பி. இறங்கியதும் சிக்னல் போய்விடும். மறுபடி தொட்டால் சுழியத்திலிருந்து தொடங்கும். அவனுடைய அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். "நீங்க குடுக்கறீங்க, எனக்கு வந்து சேர மாட்டேங்குது" என்று அவன் சொன்னபோது எனக்கு அப்பாவின் குரல் கேட்டது.

இதற்கும் வழி இருக்கிறது. எச்.டி.டி.பி. 1.1 வந்த நாளிலிருந்தே 'ரேஞ்ச்' என்ற வசதி உண்டு. 'எனக்கு முப்பதாவது எம்.பி.யிலிருந்து மீதியை மட்டும் கொடு' என்று உலாவி கேட்கலாம். சர்வர் 206 என்ற எண்ணோடு, இது முழுக் கோப்பு இல்லை, இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை என்று சீட்டில் எழுதி மிச்சத்தை மட்டும் அனுப்பும். சாதாரணக் கோப்புகளை அனுப்பும்போது அப்பாச்சி, என்ஜின்-எக்ஸ் போன்ற சர்வர்கள் இதைத் தாமாகவே செய்துவிடும். நடுவில் நம் நிரல் புகுந்து கோப்பைக் கையால் கொடுக்கும்போதுதான் இந்த வசதி காணாமல் போகிறது. நாம் எழுதிச் சேர்த்தால்தான் உண்டு.

இன்னொன்று, எப்படித் தூக்குவது என்பது. முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு பிறகு அனுப்புவது ஒரு வகை. பி.எச்.பி. வழக்கமாக ஒரு நிரலுக்கு அனுமதிப்பது 128 எம்.பி. நினைவகம். 200 எம்.பி. வீடியோவை இப்படித் தூக்கினால் நிரல் இடுப்பு ஒடிந்து விழுந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது இன்னொரு வகை. லோடுமேன்கள் யாரும் லாரியோடு சரக்கைத் தூக்குவதில்லையே!

இதைவிட நல்ல ஏற்பாடும் ஒன்று உண்டு. ஆபீசில் எல்.ஆர். பார்ப்பவர் குமாஸ்தா, மூட்டை தூக்குபவர் என் அப்பா. அதுபோல, இவருக்குக் கொடுக்கலாமா என்பதை மட்டும் நிரல் பார்க்கும். கொடுக்கலாம் என்றால் 'இந்தக் கோப்பைக் கொடு' என்று ஓர் உள்குறிப்பை சர்வரிடம் தரும். தூக்கும் வேலையையும், ரேஞ்ச் பார்க்கும் வேலையையும் சர்வரே செய்யும். அப்பாச்சியில் இதற்கு எக்ஸ்-சென்ட்ஃபைல் என்று ஒரு துணை நிரல் உண்டு. என்ஜின்-எக்ஸில் அது வேறு பெயரில் உள்ளேயே இருக்கிறது. நாங்கள் கடைசியில் இந்த ஏற்பாட்டுக்குத்தான் வந்தோம். மலைக் கிராமத்து நண்பனுக்கு மேனுவல் மூன்று தவணையில் இறங்கியது. ஒரு பைட்டும் இரண்டு முறை இறங்கவில்லை.

கேட்பது யார்?

இதுவரை சொன்னது கொடுப்பது எப்படி என்பது. இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம்.

இரண்டாம் ஆண்டில் ஓர் உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினேன். முடிந்ததும் விண்ணப்ப நகலை இறக்கிக்கொள்ள ஒரு முகவரி குறுஞ்செய்தியில் வந்தது. முகவரியின் கடைசியில் ஓர் எண். அம்மாவின் போனுக்கு வந்ததை என் போனுக்கு அனுப்பும்போது அந்த எண்ணின் கடைசி இலக்கம் விடுபட்டுப் போயிருந்தது. தொட்டதும் ஒரு கோப்பு இறங்கியது. திறந்தால் முன்பின் தெரியாத ஒரு பையனின் படம். அவன் சாதி, அவன் அப்பாவின் வருமானம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் வரிசையாக இருந்தன.

எனக்குக் கை நடுங்கியது. அவன் பாவம் என்று ஒரு பக்கம். அவனுடையது எனக்கு வந்தால் என்னுடையது யாருக்கு வேண்டுமானாலும் வரும் என்பது மறு பக்கம். ஹாஸ்டலிலும் வகுப்பிலும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாத கேள்விகள் சில இருக்கின்றன. கேட்காமல் இருப்பதால்தான் ஒரே பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கேள்விக்கெல்லாம் பதிலை, கேட்டவர் யாரென்றே பார்க்காமல் ஒரு நிரல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. சீட்டு சரியாக இருந்தது. பெயர், வகை, அளவு எதிலும் குறை இல்லை. யாருடைய மூட்டை என்பதை மட்டும் பார்க்கவில்லை.

துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் அந்த இடத்துக்குக் கடிதம் எழுதினார். சில வாரம் கழித்துப் பார்த்தபோது அந்த முகவரி உள்நுழைவுக் கடவுச்சொல் கேட்டது. அந்தச் சில வாரமும் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே தாங்கவில்லை. "எல்.ஆர். காட்டாத ஆளுக்கு எங்க ஆபீசுல மூட்டையத் தொடக்கூட விடமாட்டம் கண்ணு. தூக்கிக் குடுத்துட்டா எஞ்சம்பளத்துல புடிச்சுருவாங்க. படிச்சவங்க செஞ்சதா இது?" என்றார்.

அதனால் எங்கள் தளத்தில் மதிப்பெண் கோப்புகளுக்குச் சில கட்டுப்பாடுகளை வைத்தேன். கோப்புகள் வலையில் நேரடியாக எட்டும் கோப்புறையில் இருக்காது, அதற்கு வெளியே இருக்கும். கேட்பவர் உள்நுழைந்தவரா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கப்படும். நுழைந்தவர்தானா என்பதோடு, கேட்கும் கோப்பு அவருடையதுதானா என்றும் தரவுத்தளத்தில் பார்க்கப்படும். கோப்பின் பாதையை உலாவியிலிருந்து வாங்குவதே இல்லை. வாங்கினால், இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு மேல் கோப்புறைக்கு ஏறி, சர்வரில் உள்ள வேறு கோப்புகளையும் ஒருவர் கேட்டு வாங்கிவிடலாம். யார், எப்போது, எதை வாங்கினார் என்று டெலிவரி ரிஜிஸ்டர் போல ஒரு பதிவும் வைத்தோம்.

பிராஜெக்ட் வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சார் கேட்டார்: "ஃபோல்டர்ல ஃபைலப் போட்டு லிங்க் குடுத்தா முடிஞ்சது. இதுக்கு எதுக்கும்மா இத்தனை நிரல்?"

நல்ல கேள்வி. "வினாத்தாளுக்கு நீங்க சொல்றது சரிங்க சார். அது எல்லாருக்கும் பொது. லிங்கே போதும், வேகமாவும் இருக்கும். மதிப்பெண் ஒவ்வொருத்தருக்கும் சொந்தம். அதைக் கேட்கிறவங்க கையில சீட்டு இருக்கான்னு பார்க்க ஒரு ஆள் வேணும் சார். அந்த ஆள்தான் இந்த நிரல்" என்றேன். வேறொருவருடைய மதிப்பெண்ணை இறக்கிப் பார் என்று சொல்லி, அவரே எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் இறங்கவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனார்.

இளையவர்களுக்கு

முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளே! நம்மில் பலருடைய வீட்டில் நம் பாடப் புத்தகத்தைத் திறந்து சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. 'எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது' என்று நாமும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லாதீர்கள். தறி ஓட்டுகிறவர்கள், டீக்கடை வைத்திருப்பவர்கள், கொலுசு கோக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நாம். அந்த ஒவ்வொரு வேலையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அடுத்தவர் பொருளை எப்படிக் கையாளுவது என்ற கணக்கு இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு லேபுக்கு வாருங்கள்.

நாளைக்கு நம்மில் யாரோ ஒருவர்தான் ஓர் ஆஸ்பத்திரிக்கோ, ஓர் ஆபீசுக்கோ, ஒரு பள்ளிக்கூடத்துக்கோ இந்த மாதிரி நிரலை எழுதப் போகிறோம். பத்து வரியில் வேலை முடிந்துவிடும். கோப்பு இறங்கும், எல்லாரும் கை தட்டுவார்கள். அப்போது பதினொன்றாவது வரியாக ஒன்று எழுதுங்கள்: கேட்கிறவர் யார் என்று பாருங்கள். முகம் தெரியாத யாரோ ஒரு பிள்ளையின் சான்றிதழ் அந்த ஒரு வரியை நம்பித்தான் அங்கே இருக்கிறது.



– மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை